நாலாம் நாள் இலவசம்

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அந்தமானில், மரைன் ஹில்லில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கீழே சாலைக்கு இறங்கத் தொண்ணூற்று நான்கு படிகள். பக்கத்து வீட்டு நாய் ஒரு காலைப்பொழுதில் சராசரியாக முப்பத்தொரு தடவை குரைக்கும். என் மனைவி கோமதி வார்க்கும் தோசையில் எத்தனை கண் விழும் என்பதும் எனக்குத் தெரியும். (வெளியே சொல்வதில்லை. சொன்னால் அடுத்த தோசை வராது.)

இது வியாதி இல்லை, உத்தியோகம். துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் குறித்துக்கொள்கிற வேலை. மெயின்லேண்டிலிருந்து வந்த அரிசி, சிமெண்ட், வெங்காயம், கல்யாணப் புடவை எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் இந்தத் தீவுக்குள் போயின. எண்ணி முடித்த பெட்டியின் மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ் இல்லாவிட்டால் எனக்கு வெளியே கிளம்ப மனசு வராது. துவைக்கிற கல்லில் என் சட்டைகள் எல்லாம் பால் விடும்.

நான் சொல்ல வந்த சம்பவம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு அறுபத்தொன்பது வயது. இள ரத்தம். எண்ணத் தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மெயின்லேண்டிலிருந்து ஒரு பாடகி போர்ட் பிளேருக்குக் கச்சேரி செய்ய வருவதாகச் செய்தி வந்தது. (ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள், தெரியும். என் வாய் இன்னும் மாறவில்லை.) யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. கோமதியின் சமையலறையில் இருபது வருடமாகப் பாடிக்கொண்டிருக்கும் குரல் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குக்கர் விசில், மிக்ஸி, அந்த அம்மாள். மூன்றும் சேர்ந்தால்தான் எங்கள் வீட்டில் சாம்பார்.

மகள் மீனாதான் போனில் பார்த்துச் சொன்னாள். அவள் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறாள், பள்ளிக்கூட டீச்சர்.

"கடைசி வரிசை தொள்ளாயிரம் ரூபாய்ப்பா. அம்மாவுக்கும் உங்களுக்கும் போட்டுடட்டுமா?"

"தொள்ளாயிரமா! எத்தனை பாட்டு பாடுவாங்க?"

"அதெல்லாம் போடலைப்பா."

"எத்தனை பாட்டுன்னு தெரியாம எப்படி வாங்கறது? மூட்டையில எத்தனை கிலோன்னு தெரியாம அரிசி வாங்குவியா?"

சமையலறையிலிருந்து கோமதி எட்டிப் பார்த்தாள். கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டிவிட்டு உள்ளே போனாள். நாற்பது வருடப் பழக்கத்தில் எனக்கு அந்தத் தட்டின் அர்த்தம் தெரியும்.

அதைச் சொல்ல வேண்டுமானால் பழைய கதை ஒன்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தபோது, மதராசிலிருந்து ஒரு மெல்லிசைக் குழு கப்பலில் வந்தது. டிக்கெட் பத்து ரூபாய். என் சம்பளம் நானூற்று எண்பது. அந்தக் காலத்தில் தீவுக்கு வந்த எந்தக் குழுவும் நினைத்த நாளில் திரும்பிப் போக முடியாது. அடுத்த கப்பல் வரும்வரை இங்கேயே கிடக்க வேண்டும். சும்மா கிடப்பதற்குப் பாடலாமே என்று தினமும் பாடுவார்கள். கேட்டவர்களே திரும்பக் கேட்க வேண்டும் என்பதால் விலை தானாக இறங்கும். முதல் நாள் பத்து, இரண்டாம் நாள் ஐந்து, மூன்றாம் நாள் இரண்டு. கப்பல் இன்னும் தாமதமானால் நாலாம் நாள் இலவசம். தீவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. ஆனால் அதை நம்பி நாலாம் நாள் வரை உட்கார்ந்திருக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. எனக்கு இருந்தது.

"நாளைக்குப் போலாம் கோமதி, பாதி விலை" என்றேன். மறுநாள், "நாளைக்குப் போலாம், ரெண்டே ரூபா" என்றேன். மூன்றாம் நாள், "ஜஹாஸ் லேட்டாம், ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க. நாளைக்கு இலவசம்" என்று வெற்றிச் செய்தி கொண்டுவந்தேன்.

நாலாம் நாள் மதியம் கப்பல் வந்துவிட்டது. சாயங்காலம் குழு ஏறிப் போய்விட்டது. அந்தக் குழுவின் பெட்டிகளை எண்ணி ஏற்றியவனே நான்தான். மொத்தம் பதினொன்று. நான் வீடு திரும்பியபோது கோமதி பட்டுப்புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்று, கப்பல் துறையைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்டியின் இரண்டு தட்டுக்கு அர்த்தம் அதுதான்.

ஆகவே இந்தத் தடவை நான் கவனமாக இருந்தேன். நோட்டை எடுத்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். அன்று டிக்கெட் என் சம்பளத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. இன்று என் பென்ஷன் முப்பத்தெட்டாயிரத்து நானூறு. அதில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு எண்ணூறு ரூபாய். எனவே நியாயமான விலை எண்ணூறு. நூறு ரூபாய் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். எப்படியும் இறக்கித்தான் ஆக வேண்டும்.

"அவசரப்படாதே, நானே வாங்கறேன்" என்று மீனாவிடம் சொன்னேன். அவள் பரீட்சை வேலையாக இரண்டு வாரம் கார் நிக்கோபார் போக வேண்டியிருந்தது. போகும் முன் என் போனில் எதையோ இறக்கி, எங்கே அமுக்க வேண்டும் என்று மூன்று தடவை காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் தினமும் காலையில் காபி குடித்ததும் போனைத் திறந்து விலை இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். ஐந்தாம் நாள் ஆயிரத்து இருநூறு. ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் ஆயிரத்து ஐந்நூறு.

என் வாழ்நாளில் நாள் ஆக ஆக விலை ஏறும் சரக்கை நான் கண்டதில்லை. வெங்காயம் அழுகும், சிமெண்ட் இறுகும், கச்சேரி மட்டும் எப்படி ஏறும்? கோபத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகம். அதே தொண்டை, அதே பாட்டு. அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஆயிரத்து ஐந்நூறுக்குள்?

"ஏங்க, வாங்குதியளா இல்லையா?" என்றாள் கோமதி. சங்கரன்கோவிலிலிருந்து வந்து நாற்பது வருடமாகியும் அவள் பேச்சு மட்டும் ஊரை விட்டுக் கப்பல் ஏறவில்லை.

"கொஞ்சம் பொறு. பாடறவங்க இங்க வந்து மாட்டிக்கிட்டாங்கன்னா ரெண்டாவது ஷோ வைப்பாங்க."

"அவுக காலைல பிளைட்ல வந்து மறுநா காலைல பிளைட்ல போயிருவாக. எந்தக் கப்பலுக்குக் காத்திருக்கிய?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. முப்பத்து நான்கு வருடம் கப்பல் நேரத்தில் வாழ்ந்தவனுக்கு விமானம் என்பது வானத்தில் சத்தம் போடும் ஒரு பொருள், அவ்வளவுதான். பதறிப்போய் போனை எடுத்தேன். அமுக்க வேண்டிய இடத்தில் அமுக்கினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நெட்வொர்க் இல்லை. மூன்று நாள் சுற்றிற்று.

கச்சேரியன்று காலை கோமதி சொன்னாள்: "விடுங்க. எனக்கொண்ணும் ஆசையில்ல. போன தடவையும் கேக்காமத்தான இருந்தேன், செத்தா போயிட்டேன்?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படிச் சொன்னதும் குடையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு தொண்ணூற்று நான்கு படிகளையும் ஒரே மூச்சில் இறங்கினேன். (நடுவில் இரண்டு தடவை நின்றேன்.)

மைதான வாசலில் டிக்கெட் கொடுக்க ஒரு சின்னக் கூண்டு வைத்திருந்தார்கள். உள்ளே உள்ளூர்ப் பெண் ஒருத்தி, இருபது வயது இருக்கும். நாங்கள் தீவுக்காரர்கள் எங்கே கவுண்டரைப் பார்த்தாலும் செய்கிற காரியத்தை என் கை தானாகச் செய்தது. பர்ஸிலிருந்து ஐலண்டர் கார்டை எடுத்து நீட்டினேன். அதைக் காட்டினால் அரசாங்கக் கப்பலில் எங்களுக்குச் சலுகைக் கட்டணம், சுற்றுலாக்காரர்களுக்கு முழுக் கட்டணம்.

"ஐலண்டர் ரேட் கித்னா?" என்று விலை கேட்டேன்.

அவள் கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அங்கிள், யே ஜஹாஸ் கா டிக்கெட் நஹீ ஹை!" என்றாள். இது கப்பல் டிக்கெட் இல்லையாம். எனக்குப் பின்னால் பதினேழு பேர் நின்றார்கள். பதினேழு பேரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும், "பங்க் க்ளாஸ் மாங்கோ, சாச்சா!" என்று யோசனை சொன்னான். கப்பலில் மலிவான படுக்கை வகுப்பு அது; இங்கே, படுத்துக்கொண்டே கேட்கும் வகுப்பு.

மிச்சமிருந்தது முன்வரிசை டிக்கெட் மட்டும்தான். ஆறாயிரம். இரண்டு பேருக்குப் பன்னிரண்டாயிரம். என் கால்கள் கூண்டை விட்டு விலகின. ஆனால் வீட்டுப் பக்கம் போகவில்லை. வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

மைதானத்தின் பக்கவாட்டு வாசலில் ஒரு லாரி நின்று பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. கறுப்பு நிறத்தில், இரும்பு மூலை வைத்த பெரிய பெட்டிகள். யார் தடுத்தாலும் நின்றிருப்பேன், யாரும் தடுக்கவில்லை. பெட்டி இறங்குகிற இடத்தில் குடையும் நோட்டுமாக நிற்கும் கிழவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? என்னையறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தேன்.

கறுப்புச் சட்டை போட்ட ஒரு வாலிபன் வியர்த்து வழிய ஓடி வந்தான். கார்த்திக் என்று கழுத்து அட்டையில் இருந்தது. சென்னையிலிருந்து வந்த நிர்வாகி.

"சார், நீங்கதானே போர்ட்ல இருந்து? காலையிலேர்ந்து ஆள் அனுப்பறோம் அனுப்பறோம்னு சொல்லிட்டே இருக்காங்க."

முப்பத்து நான்கு வருடம் தினமும் போர்ட்டிலிருந்துதான் வந்திருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. "ஆமா" என்றேன்.

"தெய்வமே! லிஸ்ட்ல நூத்திப்பன்னெண்டு பெட்டி. எத்தனை வந்திருக்குன்னு எனக்கே தெரியல. கொஞ்சம் சரி பார்த்துக் குடுத்துடுங்க சார்."

ஒன்பது வருடமாக யாரும் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண்ணில் நீர் வராத குறை. சாக்பீஸை எடுத்தேன்.

ஒவ்வொரு பெட்டியாக எண்ணினேன், குறி போட்டேன். எண்ணியபடியே கேட்டேன். இதில் என்ன? ஸ்பீக்கர். இதில்? அதே ஸ்பீக்கர், இன்னொன்று. இந்த நீளப் பெட்டியில்? விளக்கு. அதன் பக்கத்தில்? அதே விளக்கு.

"எல்லாத்துலயும் எதுக்குப்பா ரெண்டு?"

"பாதி ஸ்பேர் சார். சென்னைல ஒரு வயர் போச்சுன்னா பக்கத்துத் தெருவுல வாங்கிடலாம். இங்க போச்சுன்னா? அடுத்த கப்பல் வரைக்கும் ஆடியன்ஸ உக்கார வெக்க முடியுமா? அதான், இருக்கற எல்லாத்துக்கும் இன்னொண்ணு. கப்பல் வாடகை போறதுக்கு, வர்றதுக்கு. ஆளு முப்பத்தெட்டு பேரு, பிளைட்டு, ரூமு, சாப்பாடு. ஜெனரேட்டர் ரெண்டு. அதுவும் ஒண்ணு ஸ்பேர்."

நான் நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன். அன்று பதினொரு பெட்டி. இன்று நூற்றுப்பன்னிரண்டு. ஒரு டிக்கெட்டுக்குள் இவ்வளவு சரக்கு இருக்கிறதா! கூட்டிப் பார்த்தால் ஆயிரத்து ஐந்நூறுகூட மலிவுதான் என்று தோன்ற ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்குள் நூற்றுப்பன்னிரண்டும் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கார்த்திக் என் கையைப் பிடித்துக் குலுக்கி, கழுத்தில் மாட்டும் அட்டைகள் இரண்டைத் திணித்தான்.

"சாயங்காலம் மேடத்தையும் கூட்டிட்டு வாங்க சார். ரெண்டாவது வரிசை. என் கெஸ்ட்."

இரண்டாவது வரிசை! இலவசம்! தொண்ணூற்று நான்கு படிகளை எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை. (அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் படிகளை எண்ணாமல் ஏறினேன்.) கோமதியின் முன்னால் அட்டைகளை ஆட்டிக் காட்டி, "பொறுமையா இருன்னு சொன்னேனா இல்லையா?" என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

கோமதி பீரோவைத் திறந்தாள். மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவையை எடுத்தாள். சென்னையிலிருந்து விமானத்தில் வருகிற மல்லிகையில் இரண்டு முழம் வாங்கி வரச் சொன்னாள். நான் வாங்கி வந்தேன். விலையை இன்றுவரை யாரிடமும் புலம்பியதில்லை.

நடுவில் ஒரு மழை பெய்தது. அந்தமானில் மழை பெய்வது ஒரு செய்தியே இல்லை என்பதால் நான் சட்டை செய்யவில்லை.

ஐந்து இருபதுக்கு மைதானத்தில் நுழைந்தோம். கழுத்தில் அட்டை, பக்கத்தில் பட்டுப்புடவை. கூண்டுப் பெண்ணைப் பார்த்து ஒரு புன்னகை செய்தேன். இரண்டாவது வரிசையில் கோமதியை உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தேன். மேடையில் விளக்குகள் இருந்தன. மற்றபடி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஸ்பீக்கர் இல்லை, மைக் இல்லை.

"அதோ! போர்ட் சார் வந்துட்டாரு! பிடிங்க!"

கார்த்திக் வரிசை நாற்காலிகளைத் தாண்டிக் குதித்து வந்தான். அவனுக்குப் பின்னால் கறுப்புச் சட்டைகள் ஏழு.

"சார், பெட்டியெல்லாம் எங்க சார்? எதுக்கு சார் பறிமுதல் பண்ணீங்க? என்ன பேப்பர் இல்ல, சொல்லுங்க! போர்ட்டுக்குப் போன் பண்ணினா அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட இல்லைங்கறாங்க. யார் சார் நீங்க?"

முன் வரிசை ஆறாயிரம் ரூபாய்க்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கோமதி மட்டும் நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சுமைக்காரர்களின் மேஸ்திரி அப்பாராவ் வந்து சேர்ந்தார். தெலுங்குக்காரர். தீவில் எல்லோரும் பேசும் ஹிந்தியில், நிதானமாக, என் தலையில் கல்லைப் போட்டார்.

"சாப் நே ஹி தோ க்ராஸ் மாரா. க்ராஸ் மத்லப் வாபஸ்."

ஐயாதான் பெருக்கல் குறி போட்டார், பெருக்கல் குறி என்றால் திருப்பி அனுப்பு.

விஷயம் இவ்வளவுதான். என் காலத்தில் பெருக்கல் குறி என்றால் எண்ணியாயிற்று என்று பொருள். நான் ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்குக் கையில் பிடிக்கும் மெஷின் வந்துவிட்டது. சாக்பீஸுக்கு மிச்சமிருந்தது ஒரே வேலை: கப்பலில் திரும்பிப் போகும் பெட்டிகளுக்கு அதே பெருக்கல் குறி போடுவது. மழையில் கச்சேரி ஆட்கள் எல்லாவற்றையும் தார்ப்பாயால் மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்பாராவின் ஆட்கள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். பிரித்த பெட்டி எழுபத்தொன்று, பிரிக்காத பெட்டி நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றின் தலையிலும் என் அழகான குறி. லாரி வேறு சும்மா நின்றது. ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் ஜெட்டி ஷெட்டில், அதாவது சரக்குக் கொட்டகையில், பூட்டிவிட்டார்கள்.

"எந்த நாப்பத்தொண்ணு?" என்று கத்தினான் கார்த்திக். நான் நோட்டை நீட்டினேன். அவன் நோட்டை வாங்கவில்லை, என்னையே லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டான். கிளம்பும் முன் என் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டான். "இது வேணாம் சார் உங்களுக்கு." கோமதியின் அட்டையைத் தொடவில்லை. நல்ல பிள்ளை.

ஜெட்டி ஷெட் ஐந்து மணிக்கே பூட்டியாகிவிட்டது. சாவி வைத்திருந்தவர் ஒரு காலத்தில் என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். திறந்துவிட்டார். பிறகு வாசலில் கையை விரித்து நின்றுகொண்டார்.

"சார், ஷெட்டுக்குள்ள வந்த சரக்கு வெளிய போகணும்னா ரெண்டு தடவை எண்ணணும்."

"எவன்யா இந்த ரூலைப் போட்டது?" என்றான் கார்த்திக்.

"சார்தான்" என்று அவர் மரியாதையோடு என்னைக் காட்டினார்.

உண்மைதான். எப்போதோ பன்னிரண்டு சிமெண்ட் மூட்டை காணாமல் போனபோது நான் எழுதிக் கொடுத்த விதி அது. கார்த்திக் என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்படி ஒரு பார்வையை நான் மாமியார் வீட்டில்கூடப் பார்த்ததில்லை. இரண்டு தடவை எண்ணினோம். இரண்டு தடவையும் நாற்பத்தொன்று. அதில் தப்பு வராது.

லாரி மைதானத்துக்குத் திரும்பியபோது ஏழே முக்கால். ஆறு மணிக் கச்சேரி. பெட்டிகள் உள்ளே போயின, கார்த்திக் உள்ளே போனான். காவலாளி என்னைக் கையால் நிறுத்தினான். "பாஸ்?"

என்னிடம் பாஸ் இல்லை. டிக்கெட் இல்லை. ஐலண்டர் கார்டு இருந்தது, ஆனால் அதை இன்னொரு முறை எடுக்கும் தைரியம் இல்லை. வெளியே ஆட்டோக்காரர்களோடு நின்றேன். எட்டரைக்குக் கச்சேரி தொடங்கியது. பத்து மணி வரைதான் அனுமதி. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. பாட்டு என்று சொல்ல முடியாது. ஸ்பீக்கர்கள் எல்லாம் உள்ளே பார்த்துத் திரும்பியிருந்ததால் எனக்கு டமடம மட்டும் வந்து சேர்ந்தது. எண்ணினேன். பதினான்கு பாட்டு.

கூண்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய அந்தப் பெண் என்னைப் பார்த்து நின்றாள். "அங்கிள், ஐலண்டர் ரேட் மில் கயா?" கிடைத்துவிட்டதா என்றாள். கிடைத்துவிட்டது என்றேன்.

கூட்டத்தோடு கோமதி வெளியே வந்தாள். திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து நானே ஆரம்பித்தேன்.

"வெறும் பதினாலு பாட்டுதான் பாடியிருக்காங்க. இருபத்தஞ்சாவது பாடியிருக்கணும். எல்லாம் என்னாலதான்."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சாலையைக் கடந்து படிகளின் அடியில் வந்ததும்தான் சொன்னாள்.

நாங்கள் லாரியில் போனபின் ஒரு மணி நேரம் கூட்டம் விசிலடித்துக் கூச்சல் போட்டிருக்கிறது. நாற்காலிகள் பறக்கும் நிலைமை. அப்போது அந்தப் பாடகி தானாகவே மேடையிலிருந்து இறங்கி வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டாராம். பின்வரிசைக்காரர்களையெல்லாம் முன்னால் வந்து தரையில் உட்காரச் சொன்னாராம். தொள்ளாயிரமும் ஆறாயிரமும் ஒரே ஈரப் புல்லில். மைக் இல்லை. ஒரு கிதார், ஒரு தபலா, அவ்வளவுதான். ஊசி விழுந்தால் கேட்கும்.

"எந்தப் பாட்டு வேணும்னு கேட்டாக. நாந்தான் கையைத் தூக்குனேன்."

"நீயா?"

"பின்ன யாரு? அவுக முட்டி என் முட்டில இடிக்குது, அவ்வளவு கிட்டக்க. நான் கேட்டதைப் பாடுனாக. நானும் கூடப் பாடுனேன். என்னையப் பாத்து, நல்லாப் பாடுதீங்கம்மான்னு சொன்னாக."

"அப்புறம் இந்தப் பெட்டி, ஸ்பீக்கரு..."

"அது வந்தப்புறம் காது வலிச்சுது."

நாற்பது வருடமாக நான் காத்திருந்த இலவசக் கச்சேரி நடந்திருக்கிறது. நான் இரண்டு தடவை பெட்டி எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்திருக்கிறது. என் வழக்கம் விடுமா?

"எத்தனை பாட்டு பாடினாங்க, ஸ்பீக்கர் இல்லாம?"

"எண்ணலை" என்றாள் கோமதி.

பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றோம். நான் நோட்டில் போட்ட கணக்கை அவளிடம் சொன்னேன். அன்று பத்து ரூபாய்க்குள் எப்படி முடிந்தது, இன்று ஏன் முடியவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை என்றேன். அப்போதும் ஆட்கள் வந்தார்கள், தங்கினார்கள், சாப்பிட்டார்கள்.

"எங்க சாப்பிட்டாக?"

"எங்கன்னா... நம்ம ஆளுங்க வீட்ல. வீட்டுக்கு ரெண்டு பேர் தங்கினாங்க. சாப்பாடும் வீடு வீடாப் பிரிச்சுப் போட்டாங்க."

"நம்ம வீட்டுக்கு என்ன போட்டாக?"

எனக்கு நினைவில்லை.

"காலைப் பலகாரம்" என்றாள். "ஒரு நாளைக்கு அறுபது இட்லி. மூணு நாளு. நூத்தியெம்பது இட்லி, கையால ஆட்டி. ஊரே பாட்டுக் கேட்டுச்சு, நான் மாவாட்டுனேன். உங்க நோட்டுல அது இருக்கா?"

இல்லை. மூட்டை, பெட்டி, படி, நாயின் குரைப்பு எல்லாம் எண்ணிய நான் அந்த நூற்றெண்பதை எண்ணவில்லை. அந்தக் காலத்துக் கச்சேரி மலிவு என்று நான் சொல்லித் திரிந்ததெல்லாம், செலவை யார் சுமந்தார்கள் என்று பார்க்காத கணக்கு. மறுநாள் நோட்டில் அதற்கென்று ஒரு வரி எழுதினேன். இட்லி, 180. எதிரே தொகை எழுதும் இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். என்ன போடுவதென்று தெரியவில்லை.

இதற்குப் பிறகு வீட்டில் என் மரியாதை என்ன ஆயிற்று என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எந்தப் பொருள் காணாமல் போனாலும் மீனா, "அப்பா குறி போட்டாரான்னு பாரும்மா" என்கிறாள். போன மாதம் இன்னொரு பாடகர் வருகிறார் என்று தெரிந்த ஐந்தாவது நிமிடம் அவள் முதல் விலையிலேயே டிக்கெட் எடுத்துவிட்டாள், தனக்கும் அம்மாவுக்கும். எனக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். "நீங்க நாலாம் நாள் போங்கப்பா" என்றாள்.

கச்சேரியன்று சாயங்காலம் அவர்கள் இருவரும் கிளம்பினார்கள். கோமதி வாசலில் செருப்பு மாட்டும்போது என் முதுகில் ஏதோ தூசி தட்டினாள். நாற்பது வருடத்தில் அவள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தது அபூர்வம் என்பதால் சந்தோஷமாக நின்றேன். பிறகு காற்று வாங்கலாமே என்று நானும் மெதுவாக இறங்கி ஜெட்டிப் பக்கம் போனேன்.

வழியெல்லாம் ஆட்கள் சிரித்தார்கள். ஷெட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாராவின் ஆட்கள் நான்கு பேர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். இரண்டு பேர் என் கைகளைப் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டார்கள். அப்பாராவ் என்னைப் பின்பக்கமாகத் திருப்பி, சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை கோமதி சாக்பீஸால் போட்டிருந்த பெருக்கல் குறியைச் சாவகாசமாகப் பார்த்தார்.

"சாப், க்ராஸ் மாரா ஹுவா ஹை. கஹான் வாபஸ் பேஜ்னா ஹை?"

குறி போட்டிருக்கிறதே, எங்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.

"மரைன் ஹில்" என்றேன். "ஆனா ஒன்பதரைக்கு மேல அனுப்புங்க. இப்ப வீட்ல வாங்கிக்க ஆளில்ல."